குதிரைத் தீவனம் ரொட்டியான வரலாறு

சென்ற ரமலானில் ஒரு நாள் அஸருக்குப் பின், நம் இல்லத்தின் இளைய மருமகள் ஓட்ஸ் கலந்து சுட்ட பன்களைத் தட்டில் அடுக்கிக் கொண்டிருந்தாள். மெத்தென்றிருந்தன, வெண்ணெய் தடவிய மேற்புறம் பளபளத்தது. பெரியும்மா அருகில் வந்து அமர்ந்து, ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்து, இரண்டு வினாக்கள் தொடுத்தார்.

"இது குதிரைக்கு வைக்கிற தீனியாச்சே புள்ளே?"

மருமகள் விழித்தாள். அவள் விடை சொல்லுமுன் அடுத்தது வந்தது. "பொங்கறதுக்கு என்னமோ போட்டியே, அது சாராயம் காய்ச்சுற இடத்துலேர்ந்து வர்றதுன்னு சொல்றாங்களே, மெய்யா?"

எண்பது வயதைக் கடந்த பெரியும்மாவை அறியாமையின்பாற்பட்டவர் என்று எவரும் தள்ளிவிட இயலாது. அவருடைய கணவர் நெடுங்காலம் பினாங்கில் கடை வைத்திருந்தவர். அங்குள்ள பந்தயக் குதிரைகளுக்கு ஓட்ஸ் மூட்டை மூட்டையாக வந்திறங்கியதை அவர் சொல்லக் கேட்டவர் பெரியும்மா. மருமகள் நம் முகத்தைப் பார்த்தாள். அன்று நம்மால் கூற முடிந்தது அரைகுறை விடையே. பிறகு நூல்களைப் புரட்டினோம். பெரியும்மாவின் இரு வினாக்களும் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பேரறிஞர்கள் பலர் எழுப்பிய வினாக்களே என்பது அப்போதுதான் விளங்கிற்று.

முதல் வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஓட்ஸுக்கு நம் அகராதிகள் காடைக்கண்ணி என்று பெயர் தருகின்றன. கடைத்தெருவில் அப்பெயரைச் சொன்னால் கடைக்காரர் காடை முட்டையை எடுத்து நீட்டக்கூடும். ஆகவே ஓட்ஸ் என்றே எழுதுவோம். கோதுமையும் வாற்கோதுமையும் மேற்காசியாவில் மனிதன் விரும்பிப் பயிரிட்டவை. ஓட்ஸோ அவற்றின் வயல்களில் அழையாமல் வந்து முளைத்த களை. அத்தானியங்கள் ஐரோப்பாவின் வடக்கு நோக்கிப் பரவியபோது களையும் உடன் சென்றது. குளிரும் ஈரமும் மிகுந்த நிலங்களில் கோதுமை தளர்ந்தது; களை தழைத்தது. உழவர்கள் களையையே பயிராக ஏற்றுக்கொண்டனர். ருஷ்ய நாட்டுத் தாவரவியலறிஞர் வவிலோவ், களையாயிருந்து பயிரான இத்தகைய தானியங்களை ஒரு தனி இனமாகவே வகுத்துக் காட்டினார்.

களையாகப் பிறந்த குற்றத்தைக் கற்றோர் உலகம் நெடுங்காலம் மன்னிக்கவில்லை. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் பிளினி, வாற்கோதுமை கெட்டுச் சீரழிந்தே ஓட்ஸ் ஆகிறது என்று எழுதினார். ஜெர்மானியர் அதன் கஞ்சியை உண்டு வாழ்வதையும் குறித்து வைத்தார். அடுத்த நூற்றாண்டின் மருத்துவப் பேராசான் காலன் - நம் யூனானி ஹக்கீம்கள் ஜாலீனூஸ் என்று போற்றும் அதே பெரியார் - இது விலங்குகளின் உணவு, கடும் பஞ்சம் வந்தாலொழிய மனிதர் உண்ணத் தக்கதன்று என்றார். பஞ்சத்தில் உண்ண நேர்ந்தவர்களிடம் அவர் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

இதற்கு விடையளித்தவர்கள் ஸ்காட்லாந்து மக்கள். 1327ஆம் ஆண்டுப் போரைப் பற்றி எழுதிய பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபுருவாசார், ஸ்காட்லாந்து வீரன் ஒவ்வொருவனும் சேணத்தின் கீழ் ஓர் இரும்புத் தகட்டையும் பின்னால் ஒரு பை ஓட்ஸ் மாவையும் கொண்டு சென்றதாகக் கூறுகிறார். தகட்டை நெருப்பில் சுடவைத்து, மாவை நீரில் குழைத்து ஊற்றி, மெல்லிய அடையாகச் சுட்டுண்டு மீண்டும் குதிரையேறுவானாம். சமையற்காரர்களும் உணவு வண்டிகளும் புடைசூழச் சென்ற ஆங்கிலப் படைக்கு அவனைத் துரத்திப் பிடிப்பது அரிதாயிற்று. பிற்காலத்தில் அந்நாட்டு ஏழை மாணவர்கள் வீட்டிலிருந்து ஒரு மூட்டை ஓட்ஸ் மாவுடன் பல்கலைக்கழகம் சென்றார்கள். மூட்டை தீர்ந்ததும் ஊருக்குப் போய் நிரப்பி வருவதற்கென்றே அங்கு விடுமுறை நாள் ஒன்று இருந்தது. அதற்கு 'மாவுத் திங்கள்' என்று பொருள்படும் பெயரும் வழங்கிற்று. கிராமத்திலிருந்து அரிசியும் கருவாடும் கட்டிக்கொண்டு வந்து பட்டணத்தில் படித்த தலைமுறையினருக்கு இது புரியும்.

ஆங்கிலேயரின் ஏளனம் ஓயவில்லை. 1755இல் வெளியான புகழ்பெற்ற அகராதியில் சாமுவேல் ஜான்சன், இங்கிலாந்தில் குதிரைக்குக் கொடுக்கப்படுவதும் ஸ்காட்லாந்தில் மக்களைத் தாங்குவதுமான தானியம் என்ற கருத்தில் ஓட்ஸுக்குப் பொருள் எழுதினார். அகராதியில் இடம்பெற்ற ஏளனத்துக்கு ஆயுள் அதிகம்! உண்மைதான், அதனாலேயே இங்கிலாந்துக் குதிரைகளும் ஸ்காட்லாந்து மனிதர்களும் சிறந்து விளங்குகின்றனர் என்று ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவர் பதிலிறுத்ததாகச் சொல்வார்கள்.

நம் நாட்டிலும் கொள்ளுக்கு நேர்ந்த கதி இதுவே. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பழமொழியில் மருந்தாக வைத்தவர்களே, குதிரைக்கு அவித்து வைப்பது என்று பந்தியில் விலக்கினார்கள். ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயரிலும் குதிரை ஏறி அமர்ந்துவிட்டது.

எனினும் ஒரு குறை ஓட்ஸுக்கு மெய்யாகவே உண்டு. அதைத் தனியே பிசைந்து எத்துணை புளிக்க வைத்தாலும் பொங்கி எழாது; ஸ்காட்லாந்தில் அது கஞ்சியாகவும் தட்டை அடையாகவுமே நின்றதற்குக் காரணம் இதுவே. கோதுமை மாவைப் பிசைந்து நீரில் கழுவிக்கொண்டே இருந்தால் மாச்சத்துக் கரைந்தோடி, இழுபடும் பசை ஒன்று கையில் மிஞ்சும். இதனை முதன்முதல் பிரித்தெடுத்து விளக்கியவர் இத்தாலியின் பொலோஞா நகரப் பேராசிரியர் பெக்காரி. 1728இல் அவர் ஆற்றிய உரை 1745இல் அச்சேறியது. குளூட்டன் எனப்படும் அப்பசையே ரொட்டிக்குள் எழும் காற்றைப் பலூன் போலப் பிடித்து வைக்கிறது. ஓட்ஸிலுள்ள புரதம் அத்தகைய வலையைப் பின்னுவதில்லை. ஆகவே அது மென்மையான ரொட்டியாவதற்குக் கோதுமையின் துணை வேண்டும். உள்ளே காற்றை எழுப்ப மற்றொரு துணையும் வேண்டும்.

அந்த மற்றொரு துணைதான் பெரியும்மாவின் இரண்டாம் வினா.

மாவைப் பிசைந்து விட்டுவைத்தால் தானே புளிக்கும். புளித்ததில் ஒரு பிடியை எடுத்து வைத்து மறுநாள் மாவில் சேர்த்தால் அதுவும் பொங்கும். எகிப்தியர் காலந்தொட்டு உலகம் அறிந்த வழி இது. அரபு மொழியில் இப்புளித்த மாவுக்குக் கமீர் என்று பெயர். டில்லியிலும் ஹைதராபாத்திலும் கமீரி ரொட்டி என்பது அதனால் வந்ததே. மதுவைக் குறிக்கும் கம்ரு என்ற சொல்லும், தலையை மூடும் துணியாகிய கிமாரும் இதே வேர்ச்சொல்லில் பிறந்தவை. மூடுதல், மறைத்தல் என்பது அவ்வேரின் பொருள். ஒரே வேரில் கிளைத்த சொற்களுள் ஒன்று அடுப்படியில் அமர்ந்தது; ஒன்று விலக்கப்பட்டது. பெரியும்மாவின் ஐயம் இவ்வாறு மொழியின் உள்ளேயே உறைந்து கிடக்கிறது. பாக்தாத் மருத்துவர்கள் நன்கு புளித்து நன்கு வெந்த ரொட்டியையே எளிதில் செரிப்பது என்று பாராட்டினர். புளிக்காததை வயிற்றுக்குப் பாரம் என்றனர்.

ஐரோப்பாவிலோ பீர் வடிப்போரின் தொட்டிகளில் மேலே திரளும் நுரையை அள்ளி மாவில் சேர்க்கும் வழக்கம் இருந்தது. புளித்த மாவு தரும் ரொட்டியைவிட இது தரும் ரொட்டி இலேசாக, மென்மையாக, புளிப்பின்றி இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துச் செல்வர்கள் இந்நுரையோடு பாலும் உப்பும் சேர்த்த மென்ரொட்டியின்மேல் பெரும் மோகம் கொண்டனர். உடனே எழுந்தது வழக்கு. பீர் நுரை அழுகலில் பிறந்த அசுத்தம், உடலைக் கெடுப்பது என்றது ஒரு சாரார். மருத்துவர் கீ பாத்தேன் அவர்களுள் முன்னின்றார். இல்லை, நன்மையே என்றது மறு சாரார். பின்னாளில் கட்டடக் கலையில் பெயர் பெற்ற மருத்துவர் குளோட் பெர்ரோ அந்தப் பக்கம். 1668இல் பாரிஸ் மருத்துவப் புலவர் குழு கூடி, வாக்கெடுத்து, தீமையே என்று தீர்ப்பளித்தது. மக்கள் உண்பதை நிறுத்தவில்லை. 1670இல் பாரிஸ் உயர் நீதிமன்றம், நுரை புதியதாயிருக்க வேண்டும், வழக்கமான புளித்த மாவோடு கலந்தே இட வேண்டும் என்ற நிபந்தனைகளுடன் அதனை அனுமதித்தது. வாதாடிய இரு தரப்பாருள் எவருக்கும் அந்நுரை இன்னதென்று தெரியாது என்பதுதான் வேடிக்கை.

தெரிந்துகொள்ளும் வாயில் பத்தாண்டுகளில் திறந்தது. 1680இல் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் தம் கண்ணாடியின் வழியே பீர்த் துளியில் நுண்ணிய உருண்டைகளைக் கண்டு வரைந்தனுப்பினார். அவை உயிருள்ளவை என்று 1837ஐ ஒட்டி பிரான்சின் கான்யார் லத்தூரும் ஜெர்மனியின் ஷ்வானும் தனித்தனியே நிறுவியபோது, வேதியியல் வல்லுநர் லீபிக் சீறினார். அவரும் நண்பர் வோலரும் தாங்கள் நடத்திய ஆய்விதழிலேயே 1839இல் பெயரிடாமல் ஒரு கேலிக் கட்டுரை வெளியிட்டனர். சர்க்கரையைத் தின்று ஒரு புறம் சாராயமும் மறுபுறம் வாயுவும் கழிக்கும் குட்டி விலங்குகளாக ஈஸ்ட்டை வருணித்தது அது. கேலியாகச் சொன்னது பெரும்பாலும் மெய்யாய் முடிந்தது. 1857 முதல் பாஸ்டர் செய்த சோதனைகள் ஐயத்தைத் துடைத்தன. ஈஸ்ட் ஒற்றைச் செல் உயிர், காளான்களின் உறவு. மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவையும் சிறிது ஆல்கஹாலையும் விடுகிறது. வாயு ரொட்டியை எழுப்புகிறது. ஆல்கஹாலின் பெரும் பகுதி அடுப்பின் வெம்மையில் ஆவியாகிப் போகிறது.

பீர்த் தொட்டியோடு ரொட்டிக்கிருந்த உறவும் மெல்ல அறுந்தது. வியன்னா நகரில் 1840களில் ஈஸ்ட்டைத் தனியே வளர்த்து, பிழிந்து, கட்டியாக விற்கத் தொடங்கினர். அவ்வழியை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றவர்கள் பிளைஷ்மன் சகோதரர்கள். 1868இல் சின்சினாட்டி நகரில் ஆலை கண்டு, 1876இல் பிலடெல்பியா பொருட்காட்சியில் மக்கள் கண்முன்னே ரொட்டி சுட்டுக் காட்டினர். இன்று கடையில் வாங்கும் ஈஸ்ட் சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகில் வளர்க்கப்படுவது. குளிர்ப்பெட்டி இல்லாத போர்க்களத்துக்கென இரண்டாம் உலகப் போரில் உருவான உலர் ஈஸ்ட்டின் வழிவந்ததே நம் அடுக்களைக் குப்பியிலுள்ள குருணை. மார்க்கச் சட்டம் கூறுவது ஆலிம்களின் பணி; பொருளின் வரலாற்றைக் கூறுவதே நாம் மேற்கொண்ட பணி.

இனி இவ்விரண்டும் கூடிய இடத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலும் அமெரிக்காவில் ஓட்ஸ் குதிரைக்குரியதே. நோயாளிகளுக்கென்று கடல் கடந்து வந்த சிறிதளவு ஓட்ஸ் மாவு மருந்துக் கடைகளில் விற்றது. ஜெர்மனியிலிருந்து குடியேறி, ஒஹையோ மாநிலத்து ஏக்ரன் நகரில் மளிகை வைத்திருந்த ஃபெர்டினாண்ட் ஷூமாகர், 1850களில் ஓட்ஸை நறுக்கி விற்கத் தொடங்கினார். முதலில் வாங்கியவர்கள் அவரைப் போன்ற ஜெர்மானியரும் ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்து வந்த ஏழைகளும். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் படைக்கு ஓட்ஸ் தேவைப்பட்டது, வணிகம் வளர்ந்தது. தானியத்தை நீராவியில் வேகவைத்து உருளைகளுக்கிடையே நசுக்கித் தட்டையாக்கும் முறை பிறகு வந்தது. நம் கடைகளில் டப்பாவில் கிடைக்கும் அவல் போன்ற ஓட்ஸ் இதுவே. 1877இல் குவேக்கர் என்ற வணிகச் சின்னம் பதிவாயிற்று. அச்சின்னத்தைப் பின்னர் உடைமையாக்கிய ஹென்றி குரோவல், மூட்டையிலிருந்து அள்ளி விற்ற பொருளை அட்டைப் பெட்டியில் அடைத்து, விளம்பரத்தால் வீடுதோறும் நுழைத்தார்.

பெட்டி வந்தால் அடுக்களையில் மிச்சக் கஞ்சியும் வரும். அதை எறிய மனம் வராத பெண்கள் ரொட்டி மாவில் சேர்த்துப் பிசைந்தார்கள் என்றே நாம் கருதுகிறோம். பழைய சோற்றை மாவோடு அரைக்கும் நம் பெண்களின் கைப்பழக்கத்திலிருந்து இதனை ஊகிக்கலாம். 1896இல் ஃபேனி ஃபார்மர் என்ற பாஸ்டன் நகரச் சமையற்கலை ஆசிரியை வெளியிட்ட நூலில் ஓட்ஸ் ரொட்டி உரிய இடம் பெற்றது. அவர் வகுத்த முறை: தட்டை ஓட்ஸின் மேல் கொதிநீரை ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, பின்னர் மொலாசஸ் என்னும் சர்க்கரைக் கழிவுப் பாகு, உப்பு, வெண்ணெய், ஈஸ்ட், கோதுமை மாவு சேர்த்துப் பொங்க வைப்பது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் சிந்திய இரத்தத்தோடு அந்தப் பாகு பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்த காலம் ஒன்று இருந்தது என்பதையும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. இனிப்பின் வரலாறு எங்கும் இனிப்பாயில்லை.

1918இல் ஓட்ஸ் ரொட்டி அரசாணையின் பலத்தையும் பெற்றது. முதல் உலகப் போரில் நேச நாடுகளுக்குக் கோதுமை அனுப்ப வேண்டியிருந்ததால், ஹூவர் தலைமையிலான உணவு நிருவாகம், ரொட்டி சுடுவோர் 20 விழுக்காடு அளவுக்கு வேறு தானியம் கலக்க வேண்டுமெனப் பணித்தது. வெற்றி ரொட்டி என்று அதற்குப் பெயர். சோளம், வாற்கோதுமை, ஓட்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் கலந்தன. போர் முடிந்ததும் மற்றவற்றைப் பலர் மறந்தனர். ஓட்ஸ் சேர்ந்த ரொட்டி வீடுகளில் நிலைத்தது. காரணம் அதன் மென்மை.

மாவுப் பொருள் மிகுதியான ரொட்டி காய்ந்துபோவதால் கடினமாகிறது என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். பிரெஞ்சு அறிஞர் பூசாங்கோ 1852இல், ஈரம் வெளியேறாமல் மூடிவைத்த ரொட்டியும் கடினமாவதைக் காட்டினார். வெந்தபோது நெகிழ்ந்த மாச்சத்து, ஆறிய பின் மீண்டும் இறுகுவதே காரணம். கொதிநீரில் ஊறிய ஓட்ஸ் தன் எடைக்கு மேலும் நீரை உறிஞ்சிப் பசைபோல் பிடித்து வைக்கிறது. அதிலுள்ள கொழுப்பும் இறுக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. ஆகவே இரண்டாம் நாளும் பன் மெத்தென்றிருக்கிறது. பீட்டா குளூக்கான் என்னும் அந்தப் பசைநாரே இதய நோய்க்கான வாய்ப்பைக் குறைக்க உதவக்கூடும் என்று டப்பாவில் அச்சிட்டுக்கொள்ள 1997இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை இசைவளித்தது. மருந்துக் கடையில் தொடங்கிய பொருள் மருத்துவர் சீட்டு வழியாகவே நம் வீட்டுக்கும் வந்தது.

நம் மருமகள் செய்யும் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டோம். ஒரு கோப்பை ஓட்ஸ், அதன்மேல் ஒன்றரைக் கோப்பை கொதிநீர், இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, மூன்று மேசைக்கரண்டி தூளாக்கிய கருப்பட்டி. பாகுக்குப் பதில் கருப்பட்டி என்பது அவள் கண்ட வழி. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே, கால் கோப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்த இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட். பிறகு சுமார் நான்கு கோப்பை மைதா. முதன்முறை அவள் ஆறும் வரை பொறுக்கவில்லை. ஈஸ்ட் 60 பாகை வெப்பத்தைத் தாங்காது மாண்டுபோகும். அன்று கிடைத்தவை பன்களல்ல, கூழாங்கற்கள். மாவு கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மைதாவை மேலும் மேலும் சேர்ப்பவர் மென்மையை இழப்பார். கையில் சிறிது எண்ணெய் தடவிக்கொள்வதே வழி. பத்து நிமிடம் பிசைந்து மூடி வைத்தால் நம் ஊர் வெம்மையில் ஒரு மணி நேரத்துக்குள் இருமடங்காகும். பதினாறு உருண்டைகளாக்கி நெருக்கமாக அடுக்கி, மீண்டும் அரை மணி நேரம் பொங்கவிட்டு, 190 பாகையில் இருபது நிமிடம். நெருக்கமாக அடுக்குவதில் ஒரு காரணம் உண்டு: பக்கங்கள் ஒன்றையொன்று தொட்டே வேகும்போது அங்கே தோல் தடிப்பதில்லை.

இவற்றையெல்லாம் சுருக்கமாகப் பெரியும்மாவிடம் கூறினோம். பொறுமையுடன் கேட்டார். காலன் கூற்றைக் கேட்டு, "பசிச்சவன்கிட்ட கேட்டிருக்கணும்" என்றார். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மஃரிபு தொழுத பிறகு ஒரு பன்னைப் பிட்டுத் தேநீரில் நனைத்தார். பினாங்கில் நம்மவர்கள் சுட்டு விற்ற ரொட்டி பெங்காலியை அவருடைய கணவர் கப்பலேறும்போது துணியில் சுற்றி எடுத்து வருவாராம்; கரை சேருமுன் அது கல்லாகிவிடுமாம். அதையும் சாயாவில் நனைத்தே பிள்ளைகளுக்குக் கொடுத்ததைச் சொன்னார்.

"இது நாளைக்கும் இப்படியே இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றாள் மருமகள். அப்படியானால் ஸஹருக்கு இரண்டு எடுத்து வை, அடுத்த தடவை கருப்பட்டியைக் குறைத்துப் போடு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.